இரண்டு பேர் எடை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததல்ல. வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தபோது தானாக வந்து விழுந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. பல் டாக்டர் ஓயாமல் பேசுகிறவர். நான் போகும்போதெல்லாம் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் தன்னை எப்படிப் படுத்தி எடுக்கிறது என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். என்னிடம் "ஆ" தவிர வேறு பதில் கிடையாது. ஆகவே இதில் பாதி அவர் சொன்னது. மீதி, கேட்க முடியாமல் போன கேள்விகளுக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்.

அதற்கு முன்பு வெகு காலமாக எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. பல்வலியோடு போன எனக்கு வலியையும் தீர்த்து, கையில் ஒரு கதையையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார் மனிதர். வெறும் நன்றி சொல்லி முடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்—'

எங்கே பாய்வது? ஷெட்டில் முன்சக்கரங்கள் கழற்றப்பட்டு ஸ்டாண்டுகள்மேல் நின்றது. சிவப்பும் இல்லை, வெளிறிப்போன பச்சை.

இரண்டாவது தொடக்கம்: 'யோசித்துப் பார்த்தால், மனித உறவுகளும் ஒரு வகையில் சஸ்பென்ஷன்தான், அவை—'

சே. இதை எழுதியது நான்தான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது: 'முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து டாக்டரின் மனைவி வாசலைத் தாண்டவில்லை.'

இதுதான். காரைப் பற்றிய கதை காரில் தொடங்கவில்லை என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

3

முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து டாக்டரின் மனைவி வாசலைத் தாண்டவில்லை. அதற்கு முன்பு கிளினிக்கின் முன்மேஜை அவருடைய ராஜ்ஜியம். யாருக்கு எந்தப் பல், யார் பயந்தாங்கொள்ளி, எல்லாம் அத்துப்படி. ஆஸ்பத்திரியில், மறுபடி நடக்க முடியுமா என்று யாருக்கும் தெரியாதிருந்த நாளில், அவர் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் நடந்துட்டேன்னா, முதல்ல நம்ம வண்டியில ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

நடந்துவிட்டார். கைத்தடியோடுதான், ஆனாலும் நடந்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்று சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: தூக்கிப் போடக் கூடாது. கல்யாணமான புதிதில் வாங்கிய இரண்டு சீட் வண்டி அது, சின்னக் கல்லில் ஏறினாலே ஆளைத் தூக்கிப் போடும்.

பல் டாக்டர் அன்றைக்கே காருக்கு அடியில் புகுந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் உடம்போடு சேருமிடத்தில், அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர் புஷ்கள் உண்டு. அவை கல்லாக இறுகி, உதிர்ந்துகொண்டிருந்தன. புதிது வாங்கி மாற்றினால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தார். ஆனால் உள்ளே போன போல்ட் துருவேறி, புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒன்றாகிக் கிடந்தது. எண்ணெய் விட்டார். சூடு காட்டினார். சுத்தியலால் போட்டு அடித்தார். போல்ட் அசைந்து கொடுக்கவில்லை, அவருடைய கட்டைவிரல்தான் வீங்கியது.

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஊரார் பல்லையெல்லாம் வலிக்காம பிடுங்குறீங்க. ஒரு போல்ட்டைப் பிடுங்க முடியலையா?"

"பல்லுக்கு மரக்குற ஊசி போடலாம். இதுக்கு எங்க போடுறது?"

"இதுக்கு வேணாம், உங்களுக்குப் போட்டுக்கோங்க. தெருவே நீங்க கத்துறதைக் கேக்குது."

கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போனால், அதுவும் இதற்கு அண்ணன்.

(* இந்த இடத்தில் டாக்டர் அறுத்துக் காட்டுவதற்காகக் கையை ஆட்டினார். கையில் என் வாய்க்குள் போகவேண்டிய கருவி இருந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் நான் சரியாகக் கேட்கவில்லை.)

4

ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முந்தைய பிரதியில் மனைவியின் தம்பி ஒருவன் வந்தான். டாக்டருக்கு மச்சினன், கார் என்றால் கரைத்துக் குடித்தவன். ஷெட்டுக்குள் நுழைந்ததும், "அத்தான், இங்கதான் தப்பு பண்ணியிருக்கீங்க" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் பேசினான். அவன் வந்தபிறகு யாருக்கும் கஷ்டமே இல்லை, கதையும் இல்லை. காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பாவம், நல்ல பையன்.

5

புதிய புஷ்கள் ஏறின. புதிய போல்ட்கள் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார். மனைவியை உட்கார வைக்கும் முன்பு ஒரு சோதனை. அவர் உட்காரும் இடது சீட்டில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

வந்து பார்த்தால் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கத்தைக் கையால் அழுத்தினார், அமுங்கவே இல்லை. பழைய ரப்பரே தேவலை.

இங்கே நான் எழுதிய வாக்கியம்: 'அவருக்குள் ஏதோ உடைந்தது—' இல்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன். துணியால் சீட்டைத் துடைத்தார். வண்டியைப் போர்த்தினார். மேலே போய் மனைவியிடம், "வித்துடலாம்மா. என்னால முடியல" என்றார்.  வேறெதுவும் கேட்காமல் ஒரே ஒரு சுற்று கேட்டவளுக்கு அதைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம்.

மனைவி கைத்தடியை எடுத்தார்.

6

படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, ஷெட்டுக்கு வந்து, போர்வையை விலக்கச் சொல்லி, நின்று பார்த்தார்.

"எப்படி இறுக்குனீங்க? சொல்லுங்க."

"எப்படின்னா? போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரால—"

"அப்ப வண்டி எங்க இருந்துச்சு?"

"ஸ்டாண்டு மேல."

"சக்கரம் மாட்டாம, அந்த இரும்புக் கை அந்தரத்துல தொங்குச்சு?"

"ஆமா."

மனைவி அவரையே பார்த்தார். "என்னங்க, பல்லுக்கு கேப் போடும்போது வாயைத் திறந்து வெச்சபடியே உயரம் சரியா இருக்குன்னு அனுப்பிடுவீங்களா? 'கடிச்சுப் பாருங்க, கடிச்சுப் பாருங்க'ன்னு உங்க வாய் ஓயாம சொல்லும். வெளியில உக்காந்து அத்தனை வருஷம் கேட்டிருக்கேன். வண்டிக்கு மட்டும் வாயைத் திறந்து வெச்சே இறுக்கிட்டீங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொங்கும் நிலையில் இறுக்கியதால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டது. வண்டி தரையில் உட்கார்ந்ததும் அது முறுக்கிக்கொண்டு எதிர்த்துத் தள்ளுகிறது. காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினால் அங்கேயும் அச்சடித்திருந்தது: இரண்டு சீட்டிலும் ஆட்களின் எடை இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். அவர் தினமும் பார்த்த பக்கம்தான்.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

7

இனி வேலை சுலபம். சக்கரங்களுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளைக் கொடுத்தார். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும், அடியில் ஓர் ஆள் நுழையவும் முடியும். போல்ட்களைத் தளர்த்தினார். இடது சீட்டில் வைக்க ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வந்தார்.

"நான் போற வண்டிக்கு மூட்டையை வெச்சு அளவெடுப்பீங்களா? தள்ளுங்க" என்றார் மனைவி. கதவைப் பிடித்து, முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். "சீட்டை நனைச்சு வெச்சிருக்கீங்க."

அடியில் படுத்திருந்த டாக்டர் ஸ்பிரிங்கைப் பார்த்தார். அது ஒரு விரல் அளவு இறங்கியது. ஆஸ்பத்திரியில் போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியாமல் கிடந்தவர். இப்போது இரும்பு அமுங்கும் அளவுக்கு எடையோடு இருக்கிறார். இருக்கிறாள், போதும், என்று டாக்டர் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இதை அவர் சொன்னபோது என் வாய் மரத்திருந்தது. கண் மரக்கவில்லை.

"அவ உக்காந்துட்டா. இன்னொரு சீட்டுக்குத்தான் ஆள் வேணும்" என்றவர், என் பல்லில் கேப்பை வைத்து அழுத்தி, "கடிச்சுப் பாருங்க" என்றார். கடித்தேன். கச்சிதம். சிகிச்சை முடிந்துவிட்டது, கதை முடியவில்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் வெண்ணெய் மேல் போவதுபோல் போகிறார்கள். இன்னொன்றில் போல்ட் படாரென்று முறிகிறது. இரண்டிலும், போல்ட்டை இறுக்கும் நேரத்தில் வலது சீட் காலி. டாக்டர் அடியில் இருக்கிறார். மச்சினனைக் கூப்பிட எனக்கு முகமில்லை. நான் உட்காரலாம் என்றால், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் போல்ட்டைப் போலத்தான் இந்தக் கதையும். என் அறையில் தொங்கவிட்டபடி நானே இறுக்கினால் நாளைக்கு உங்களைத் தூக்கிப் போடும். இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், அதற்கு நன்றி. இன்னும் ஒரே ஒரு உதவி.

வலது பக்கக் கதவு கொஞ்சம் தொங்கும், ஏறி உட்கார்ந்து தூக்கிச் சாத்துங்கள். அந்த சீட் நனையவில்லை. ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம், அது அவருடையது. பக்கத்தில் இருப்பவர் உங்கள் பற்களைப் பார்ப்பார், பழக்க தோஷம், தப்பாக நினைக்காதீர்கள்.

காருக்கு அடியிலிருந்து குரல் வருகிறது.

"ரெண்டு பேரும் உக்காந்தாச்சா?"

நீங்கள் பதில் சொன்னால்தான் அவர் இறுக்குவார்.