நாள் முழுவதும்

புதன்கிழமை என்ற கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடி சொப்பனம் ஆபீஸ் படிக்கட்டில் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தான். என்ன சேர்க்க வேண்டும் என்று போன் கேட்டது. அதற்குக் கீழே நான்கு வகைகள்: சந்திப்பு, கூட்டம், பணி, நாள் முழுவதும். பதினெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். இந்த நாலில் எதைத் தொடுவது என்று மட்டும் புத்தி ஓடவில்லை. அவன் எழுதவேண்டியது வேலை இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் மனைவி வீட்டுக்கு வருகிறாள்.

சொப்பனம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். கேட்ட கேள்விக்கு அரை நிமிஷம் கழித்துப் பதில் சொல்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மற்றவர்கள் ஸ்பேனரைத் தேடுவார்கள். இவன் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, எதற்காக எடுத்தோம் என்று தேடுவான். வேலையில் மட்டும், சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன்.

கம்பெனியில் சுவரில் தொங்கிய பெரிய பலகையைப் போன திங்கட்கிழமைதான் கழற்றினார்கள். இனி யாருக்கு எங்கே வேலை என்பதெல்லாம் போனில்தான் வரும். வேலை பிரித்துக் கொடுக்கிற பெண்ணின் திரையில் எப்போது பார்த்தாலும் கட்டம் கட்டமாகவே இருக்கும். அதனால் அவளுக்குக் கட்டம்மா என்று பெயர். வயசு என்னவோ இருபத்தாறுதான். அவள் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. சந்திப்புன்னா உங்களுக்கு நீங்களே போட்டுக்கறது. பல் டாக்டரப் பாக்கணும், முடி வெட்டணும், எதுவானாலும் சரி. அந்த நேரத்துக்கு நான் உங்களத் தொட மாட்டேன். கூட்டம்னா அடுத்தவங்களையும் கூப்பிடறது. கூப்பிட்டா மட்டும் போதாது, அவங்க வர்றேன்னு பதில் சொல்லணும். பணின்னா, முடிக்கற வரைக்கும் விடாது. இன்னிக்கு முடிக்கலன்னா நாளைக்குத் தலைமாட்டுல வந்து உக்காந்துக்கும்."

"எங்க வீட்டம்மா இதுல எந்த வகைன்னு இப்பதாம்மா புரியுது" என்றார் வயசில் மூத்த மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நாலாவது வகைக்கு வந்தபோது சொப்பனம் அங்கே இல்லை. உடம்பு நாற்காலியில்தான் இருந்தது. கண் ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் உச்சியில் ஒரு ஆள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து சாய்ந்து வழிந்த தண்ணீர் வெயிலில் விழுந்து, தரைக்கு வருவதற்குள் பாதி காணாமல் போனது. அந்தப் பாதி எங்கே போகிறது என்று அவன் யோசித்து முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இதைத்தான் அவன் மனைவியும் சொல்வாள். அவள் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்கிற நர்ஸ். "நீங்க கெட்டவர் இல்ல. ஆனா வீட்டுல இருக்கறப்பவும் வேற எங்கயோ இருக்கீங்க. அங்க இருக்கறவங்களாவது நல்லா இருக்கட்டும்." கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆனதற்காகக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகலாம் என்று ரயிலில் இடம் போட்டிருந்தார்கள். அவள் இரண்டு பெட்டிகளோடு ஸ்டேஷனில் நின்றாள். இவன் ஒரு லிஃப்டின் கதவைச் சரிசெய்துகொண்டு, பத்தே நிமிஷம், இதோ பத்தே நிமிஷம் என்று மூன்று தடவை போனில் சொன்னான். ரயில் போய்விட்டது. அவள் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அடுக்கினாள். ஒரு வாரம் கழித்து அதே பெட்டியில் தன் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

இன்று காலையில்தான் போன் பண்ணினாள். "புதன்கிழமை வர்றேன். மிச்சம் இருக்கற என் சாமான எடுத்துக்கணும். நீங்க இருந்தா இருங்க."

"எத்தன மணிக்கு?"

"டூட்டி முடிச்சிட்டு வரணும். நேரம் சொல்ல முடியாது. பகல்ல எப்பவாவது வருவேன்."

நீங்க இருந்தா இருங்க. அந்த மூன்று வார்த்தையை அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லையே! சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் அவள் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இருக்காது. போகாதே என்று கேட்பதற்கு இருப்பது இந்த ஒரு நாள்தான். சந்திப்பு என்று போடலாமென்றால் போன் மணி கேட்டது. அவளோ மணி சொல்லவில்லை. கடைசியில் நாள் முழுவதும் என்பதைத் தொட்டான். 'வீட்டில் இருக்கணும்' என்று எழுதினான். புதன்கிழமையின் உச்சியில் பச்சையாக ஒரு பட்டை விழுந்தது. ஒரு நாளையே மூடிப் பத்திரப்படுத்திவிட்டதாக அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் வீட்டைப் பெருக்கித் துடைத்தான். அவளுடைய சாமான்களைத் தொடவில்லை. எடுத்து வைத்தால் போ என்று சொல்வதுபோல் ஆகிவிடுமே. பிறகு ஹாலில் நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான். யாருக்காகவோ வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து எவ்வளவு காலமாகிவிட்டது! குழாய் சொட்டுகிற சத்தம், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், எங்கோ ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்கிற சத்தம். ஜன்னல் வெளிச்சம் தரையில் டைல் டைலாகத் தாண்டி நகர்ந்தது. இந்த வீட்டுக்குள் ஒவ்வொரு பகலும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்ததா? ராத்திரி டூட்டி முடித்து வந்து, அவள் தனியாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. கட்டம்மா.

"அண்ணே, உடனே கெளம்புங்க. பழைய ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் நின்னுபோச்சு, உள்ள ஆள் இருக்காரு."

"நான் இன்னிக்கு இல்லம்மா. நாள் பூரா போட்டிருக்கேனே."

"நாள் முழுக்கன்னு போட்டா மேல ஒரு பட்டை மட்டுந்தாண்ணே வரும். பொறந்தநாள் போடற மாதிரி. கீழ எல்லா மணியும் காலின்னுதான் காட்டும். வேலை இருக்குன்னு மாத்தி விடணும்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

பச்சைப் பட்டையின் கீழே பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று எல்லா மணியும் பப்பரப்பே என்று திறந்து கிடந்திருக்கின்றன.

"வேற யாரும் இல்லையாம்மா?"

"ஒருத்தர் ஊருக்கு அந்தக் கோடியில இருக்காரு, வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இன்னொருத்தருக்குக் காய்ச்சல். உள்ள இருக்கறவரு கத்தக்கூட இல்லையாம், அதான் பயமா இருக்கு. உங்களுக்கு முக்கியமான விஷயமாண்ணே?"

"என் வீட்டுக்காரி வர்றா" என்றான். "ஐயோ" என்றாள் கட்டம்மா. அதற்குள் அவன் பையை எடுத்திருந்தான். மனைவிக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தாள். ஒரு காகிதத்தில் 'வந்துவிடுகிறேன்' என்று எழுதிக் கதவில் ஒட்டப் போனவன், இதே மாதிரி வார்த்தையைத்தானே அன்று ஸ்டேஷனில் மூன்று தடவை கேட்டாள் என்று தோன்றவும் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டினான். அவளிடம் இன்னும் ஒரு சாவி இருந்தது.

அந்த லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. அவன் உச்சியிலிருந்த இயந்திர அறைக்கு ஏறிப்போய் மின்சாரத்தை நிறுத்தினான். பிரேக்கைக் கையால் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினான். ஒரு சுற்றுக்கு இரண்டு விரற்கடைதான் நகரும். அவசரப்பட்டால் வேலைக்கு ஆகாது. கிரீஸ் வாசனையும் புறாக்களின் முனகலும் நிறைந்த அந்த அரையிருட்டில், கீழே முகம் தெரியாத ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தபோது, வழக்கமாக மிதந்து போகிற மனசு இன்று எங்கேயும் போகவில்லை. வீட்டுக் கதவுக்கு எதிரே போட்ட காலி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது.

ஆறாவது மாடிக்கு அடையாளமாகக் கம்பியில் அடித்திருந்த மஞ்சள் குறி நேருக்கு வந்ததும் பிரேக்கைப் பழையபடி பிடிக்க விட்டான். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். இந்தத் தடவை கூட்டம் என்பதைத் தொட்டான். யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டது. அவள் பெயரைப் போட்டான். எந்த இடம் என்று கேட்டது, வீடு. எப்போது என்றது, இரண்டு மணி. எதுவரைக்கும் என்று கேட்காமல் அதுவே இரண்டரை என்று போட்டுக்கொண்டது. வெறும் அரைமணி நேரமா? அவன் விரலால் மணியைத் தள்ளினான். மூன்று, நாலு, சாயங்காலம், மறுநாள், அடுத்த வாரம். தள்ளத் தள்ள அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு வெட்கமாகிப்போய் மறுபடி இரண்டரைக்கே கொண்டுவந்து அனுப்பினான். பதில் இல்லை என்று பக்கத்திலேயே சின்னதாக எழுதிக் காட்டியது.

ஆறாவது மாடிக்கு இறங்கி வந்து கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவர் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். பருத்த மனிதர். வேர்த்துக் கொட்டியிருந்தது.

"கத்தவே இல்லையாமே சார்?"

"யாரப் பாத்துக் கத்தறது? ஒரு மணி நேரமா எதிர்ல நான்தான் உக்காந்திருக்கேன். மொதல்ல என்னைத் திட்டினேன். அப்புறம் பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்." அவர் அவன் கையைப் பிடித்து எழுந்தார். "தம்பி, இத ஏழாவது மாடி வரைக்கும் ஒரு கை பிடிச்சு விட முடியுமா? மனசு வெச்சு."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கிப் படியேறினான். ஒவ்வொரு படிக்கும் அவன் முகம் அவனையே பார்த்துக்கொண்டு வந்தது.

பழுதான பாகத்தை மாற்றி, ஓட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கீழே வரும்போது மணி இரண்டாகிவிட்டது. கட்டம்மா தானாகவே கூப்பிட்டாள். "உங்க நாள நானே மாத்திட்டேண்ணே. இனிமே ஊர்ல உள்ள லிஃப்ட் எல்லாம் நின்னாலும் உங்களக் கூப்பிட மாட்டேன். ஓடுங்க." பஸ் ஊர்ந்தது. அழைத்தவனே தன் கூட்டத்துக்குத் தாமதம். இரண்டரை அவன் கண்ணெதிரே போனது. சே, நானும் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பக்கத்துச் சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மூன்று பத்துக்கு வீட்டுக்கு வந்தான். கதவு பூட்டியில்லை. வாசலில் அவளுடைய வெள்ளை டூட்டிச் செருப்பு. உள்ளறையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்று கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. இன்னொன்று பாதி நிறைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், கையில் கயிற்று உருண்டையோடு, கட்டிலில் குறுக்காகச் சாய்ந்து அவள் தூங்கிப் போயிருந்தாள். போன் தலைமாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அவன் அழைப்பைப் பார்த்தாளா, இரண்டு மணிக்குக் காத்திருந்தாளா, எதுவும் தெரியவில்லை. மேற்கு ஜன்னல் வெயில் அவள் கழுத்து வரைக்கும் வந்திருந்தது.

அவன் சத்தமில்லாமல் போய்த் திரையை இழுத்தான். மேலே வளையம் கழன்றிருந்தது. கையை விட்டதும் திரை சரிந்து வெயில் நேராக அவள் கண்ணில் விழுந்தது. மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் புரண்டு, கண்ணைத் திறக்காமலே, "எப்ப வந்தீங்க?" என்றாள்.

"இப்பதான். லேட்டாயிடுச்சு."

"ம்." கொஞ்ச நேரம் அவளிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். "அஞ்சு மணிக்கு எழுப்பி விடுங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு என்ன என்று அவள் சொல்லவில்லை. பஸ்ஸா, டூட்டியா, பேச வேண்டுமா? அவன் கேட்கவில்லை. அவள் விரல்களிலிருந்து கயிற்று உருண்டை நழுவி, தரையில் கொஞ்ச தூரம் அவிழ்ந்துகொண்டே உருண்டு நின்றது. மணி மூன்றேகால். வெளியே சூரியன் இறங்க இறங்க வெயில் திரையின் ஓரத்தைத் தேடித் தேடி நுழையப் பார்த்தது. அவன் வலது கை மரத்துப்போனதும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் முகத்து நிழல் கலையாமல், திரையைப் பிடித்தபடி நின்றான்.