காந்தத் தட்டும் இரண்டு ஊக்குகளும்

கௌசல்யாவின் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கும். கணவன் ராஜேஷ்குமார் அம்பாங்கில் தனி வீடு பார்த்துப் பிரிந்து போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையிலிருந்து ஆய்வுக்கூட வேலைக்குப் போய்வருகிறாள். ஏன் இன்னும் போட்டிருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொள்வாள். ஊக்கு மாட்ட ஓர் இடம் வேண்டாமா என்று பதிலும் சொல்லிக்கொள்வாள்.

அந்த ஊக்குகள்தான் இன்று காரியத்தைக் கெடுத்தன.

கிள்ளானிலிருக்கும் மாதவி என்ற நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்கள் இரண்டு கிண்ணங்களில் இருந்தன. செல்களில் ஒரு மரபணு பழுது. நல்ல மரபணுவைச் சுமந்த, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை மேலே விட்டுக் கீழே காந்தத் தட்டை வைத்தால், துகள்கள் செல்லுக்குள் இறங்கும். இறங்கிய செல் பச்சையாக ஒளிரும். மறுபடி மஜ்ஜை எடுக்க மாதவியின் உடம்பு தாங்காது.

முதல் கிண்ணத்தைத் தட்டோடு தூக்கும்போது கோட்டுக்குள்ளிருந்து சங்கிலி வெளியே சரிந்தது. ஊக்குகள் படக்கென்று தட்டில் ஒட்டின. பதறிப் பின்வாங்கினாள். தட்டு சாய்ந்து, கிண்ணம் தரையில் கவிழ்ந்தது.

“யா அல்லா! இரும்பு எதுவும் போட்டுட்டு வராதேன்னு கதவுலயே ஒட்டியிருக்கு லா!” என்றாள் உடன் வேலை செய்யும் ஹாஜிரா. “கண்ணா அது, கோலிக்குண்டா?”

“மறந்துட்டேங்க்கா.”

“தினமுமா மறப்பே?”

கௌசல்யா தரையைத் துடைத்தாள்.

“விடு, இன்னொண்ணு இருக்கு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“வேணாங்க்கா. நானே சொல்றேன்.”

“சரி, ஊக்கை மட்டும் கழட்டு. தங்கத்தைக் காந்தம் ஒண்ணும் பண்ணாது.”

கழற்றினாள். ஊக்கில்லாத சங்கிலி கழுத்தில் சும்மா கிடந்தது. ஏன் இன்னும் போட்டிருக்கிறாய் என்று இனிக் கேட்டுக்கொண்டால் ஊக்கைக் காட்ட முடியாது. பிறகு சங்கிலியையும் கழற்றி, ஊக்குகளோடு ஹாஜிராவின் உள்ளங்கையில் வைத்தாள். ஹாஜிரா அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து தன் கைப்பைக்குள் வைத்தாள்.

இரண்டாவது கிண்ணம் தட்டின்மேல் அமர்ந்தது. காத்திருந்த நேரமெல்லாம் அவள் கை கழுத்துக்குப் போனது, தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது, திரும்பவும் போனது. உட்கார முடியவில்லை.

மறுநாள் நுண்ணோக்கியில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு ஒரு மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னும் சில. மாதவிக்கு இது போதுமா என்று தெரியவில்லை. ஆனாலும் செல்கள் உயிரோடு இருந்தன.

வெளியே வந்ததும் ஹாஜிரா கைப்பையைத் திறந்தாள். “இந்தா, உன் சாமான். ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல.”

“ஊக்கை மட்டும் குடுங்கக்கா. துப்பட்டா நழுவுது.”

“சங்கிலி?”

“இன்னும் ரெண்டு நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று துப்பட்டாவைக் குத்திக்கொண்டாள். கை மறுபடியும் கழுத்துக்குப் போனது.