ஒண்ணும் தெரியல

"கிளட்சை மெதுவா விடுங்க அண்ணி. தூங்குற குழந்தை பக்கத்துலேருந்து எழுந்து வர்ற மாதிரி விடுங்க."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மைதானத்தில் காலையிலேயே இந்தக் குரல் கேட்கும். குரலுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் 'பிரேக்கு டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் சொதப்பினால் டீச்சரின் கால் அதை மிதித்துவிடும். அந்தக் காலை நம்பித்தான் எத்தனையோ பேர் ஸ்டீயரிங்கைத் தொட்டார்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதில் வீடே குதூகலமாக இருந்தது. அதிலும் அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் கணவரின் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "கத்துக்கிட்டா உன்கிட்டதான் கத்துக்குவேன்" என்று ஒற்றைக்காலில் நின்று காத்திருந்தவர் அவர். வாயைத் திறந்தால் மூடத்தான் அவருக்கு யாரும் பிரேக் வைக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. கீமோ மருந்தால் டீச்சரின் கால்விரல் நகங்கள் கறுத்து, பெருவிரல் நகம் சதையை விட்டு எழும்பியிருந்தது. விரல்கள் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூட அவளுக்குத் தெரிவதில்லை. நகத்துக்கு அடர்ந்த நிறத்தில் சாயம் பூசி, ஒன்றும் நடக்காதது போல இருந்தாள். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்தான்.

ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. "கால்ல எரிச்சல், குத்தல் ஏதாவது தெரியுதா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றாள். கணவர் கேட்டபோதும் அதே பதில்தான். அந்த அப்பாவி மனிதர், "ஒண்ணும் தெரியலையாம்!" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சந்தோஷப்பட்டார். அரிச்சந்திரன்கூட அவ்வளவு சுத்தமான உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான்.

அன்று மைதானத்தில் இன்ஜின் உறுமியது. வண்டி இம்மியும் நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்க அண்ணி."

"கொடுத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்! நீ பிரேக்கை மிதிச்சிருக்கியா?"

"நான் காலை எடுத்து எவ்வளவு நேரமாச்சு!"

அண்ணி குனிந்து பார்த்தார். டீச்சரின் செருப்பு ஒரு மூலையில் கிடந்தது. வெறும் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்போ அது யாரோட காலு?"

டீச்சர் பதறிக் காலை இழுத்தாள். வண்டி சீறிப் பாய்ந்தது. மைதானத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்கள் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தன. பிரேக்கைத் தேடிய அவள் கால் எங்கெங்கோ துழாவியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். டயருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"பார்த்தியா, நானே போட்டேன் பிரேக்கு!" என்று குதித்த அண்ணி, டீச்சர் அழுவதைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சாயத்துக்கு அடியிலிருந்த கறுப்பு தெரிந்தது.

"டயருக்குப் பதிலா அங்க ஒரு ஆள் நின்னிருந்தா?" என்றார் மெதுவாக. "வேலை போனா வேற பார்த்துக்கலாம். இந்தக் கால் போனா?"

அன்றே அண்ணி அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். நடந்ததைக் கேட்டு டாக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் நெற்றியில் தட்டிக்கொண்டார். "தப்பு என் கேள்வியிலயும் இருக்கு. இனிமே 'தரை தெரியுதா'ன்னு கேக்குறேன். கீமோ நடக்கும்போதே இதைச் சொல்லியிருந்தா மருந்தோட அளவைக்கூட மாத்திப் பார்த்திருப்போம். நகம் புதுசா வளர்ந்துடும். மரத்துப்போனது சரியாகக் கொஞ்ச நாளாகும். முழுசா சரியாகும்னு இப்பவே சொல்ல முடியாது. அதுவரைக்கும் நல்லா மூடின ஷூ போடுங்க, தினமும் பாதத்தைப் பாருங்க, வண்டியைத் தொடாதீங்க."

பள்ளி முதலாளியோ, "எனக்கு உன் கால் எதுக்கு? வாய் இருக்கே!" என்று அவளை வகுப்பறைக்கு மாற்றிவிட்டார். சாலை விதிகளை அவள் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே நின்றும் கேட்டார்கள்.

சில மாதங்கள் போயின. உரிமம் வாங்கிய அண்ணிதான் இப்போது அவளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகிறார். ஒருநாள் வழியில் டீச்சர் வீறிட்டாள்.

"ஐயோ, குத்துது! குத்துது அண்ணி!"

வண்டி ஓரங்கட்டி நின்றது. அவள் ஷூவைக் கழற்றி உதறினாள். மிளகு அளவு கல் ஒன்று விழுந்தது. அதைக் கையில் எடுத்து, சிரித்துக்கொண்டே அழுதாள். பெருவிரலில் இளஞ்சிவப்பாகப் புது நகம் பாதிவரை ஏறியிருந்தது.

அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஒரு கல்லு குத்தினதுக்கா இந்தக் கத்து கத்துற? குத்தாம இருந்தப்பதான்டி நீ கத்தியிருக்கணும்! வலிச்சா மட்டும் சொல்றது பத்தாது, வலிக்கலைன்னாலும் சொல்லணும்."