பத்தில் ஒன்று

திருத்த அனுமதி உள்ளவர்களின் பட்டியலிலிருந்து ஆஸிமின் பெயரை நீக்கிவிட்டுத்தான் சண்முகப்பிரியா காலைக் காப்பியைக் கையில் எடுத்தாள். அது ஆறிப்போயிருந்தது.

தென்னை மகசூலைக் கணிக்கும் புள்ளியியல் மென்பொருள் அவளுடையது. பீளமேட்டு வீட்டின் சாப்பாட்டு மேசையில் எழுதியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஒரே விடை வர வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே ஏழு வருஷம் போயிருந்தது. அவளிடம் விண்டோஸ் கிடையாது. இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவன் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஆஸிம். நேரில் பார்த்ததில்லை. இப்போது புது விண்டோஸில் மென்பொருள் ஏறவே மறுக்கிறது. நாளை மாலைக்குள் சரிசெய்யாவிட்டால், இதை எல்லோருக்கும் வழங்கும் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது.

போன வாரம் அவன் கேட்டான். "எதுக்குங்கக்கா நீங்க சிரமப்படறீங்க? சாவியக் குடுத்தீங்கன்னா ரிலீசும் நானே போட்டுப்போடறனுங்க."

சாவி என்றால் புதுப் பதிப்பை வெளியிடும் அதிகாரம். அன்றிலிருந்து உறுத்தல். வெளிநாட்டில் எவனோ இப்படித்தான் ஒரு இலவச மென்பொருளுக்குப் பவ்யமாக உதவி செய்து உள்ளே நுழைந்து, கடைசியில் திருடர் புகுவதற்கு அதில் கள்ளக்கதவு வைத்துவிட்டுப் போனானாம். கொங்குநாட்டில் மரியாதையைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் ஒருத்தர் வீட்டிலும் தண்ணீர் குடிக்க முடியாதுதான். ஆனால் இன்று காலை, மூன்றிலும் ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும் சோதனைக் கோப்பைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடைகளுக்குள் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான் இருக்கலாம். அங்கே பத்தில் ஒன்று என்றிருந்தது. அந்த ஓட்டையில் எந்தத் தப்பும் நுழைந்து போகும். இவன் வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆதாரம் எடுத்துவைக்க மாற்றங்களின் பதிவைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஆஸிம் வருவதற்கும் முன்னால், நான்கு வருஷம் போய் நின்றது. மாற்றியவர்: சண்முகப்பிரியா. குறிப்பு: தற்காலிகம்.

மகள் நந்திதாவுக்கு மொட்டை போடப் பழனி கிளம்பிய காலை அது. வாசலில் வேன், மாமியார் ஏறி உட்கார்ந்தாயிற்று. களஞ்சியத்தின் விண்டோஸ் சோதனை மட்டும் மூன்றாவது முறையாகத் தோற்றது. அனுமதிக்கும் வித்தியாசத்தைப் பத்தில் ஒன்றாகத் தளர்த்தினாள், தேறியது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினாள். பார்க்கவேயில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

போன் அடித்தது. ஆஸிம்.

"ஏனுங்கக்கா, என்னைய உள்ளயே உடமாட்டேங்குதுங்க. தப்பு ஏதாச்சும் பண்ணிப்போட்டனுங்களா?"

அவள் ஆறிய காப்பியைத் தள்ளிவைத்தாள்.

"விண்டோசுக்குத் திருத்தம் என்ற கிட்ட ரெடியா இருக்குதுங்க. அப்பறம், டெஸ்ட்ல அந்தப் பத்துல ஒண்ணு... போன வருசமே பாத்துட்டனுங்க. யாரு மாத்துனாங்கன்னும் பாத்தனுங்க." குரல் இறங்கியது. "யாருகிட்டயும் சொல்லலீங்கக்கா."

மரியாதையா, மிரட்டலா? முகம் தெரிந்தவனாக இருந்தால் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அவன் பெயரை மறுபடி சேர்க்கும் பெட்டியைத் திறந்தாள். பார்க்க மட்டும், திருத்தலாம், வெளியிடலாம் என்று அனுமதிக்கு மூன்று வட்டங்கள். போனுக்குள் ஆலைச் சங்கு ஊதியது.

"லைன்ல இருக்கீங்களாக்கா?"

"இருக்கறேன் ஆஸிம்."

திரையில் அம்புக்குறி 'திருத்தலாம்' என்ற நடு வட்டத்தின் மேல் வந்து நின்றது. சற்று நேரத்தில், எந்தப் பக்கம் என்று அவளே முடிவு செய்யாமல், மறுபடி நகர ஆரம்பித்தது.