சாக்ரின் புட்டிகள்

பீரோவின் மேல்தட்டில் தரணேந்திரன் தேடியது தன்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை. கிடைத்தது, சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் சாக்ரின் மாத்திரை, பதினோரு புட்டிகள். ஒரே அளவு, ஒரே மூடி, விரித்த பழைய வேட்டித்துணியின் மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒன்றின் மூடியைக்கூட யாரும் திருகிப் பார்த்ததில்லை. எல்லாம் அவன் வாங்கிவந்தவை. வருஷத்துக்கு ஒன்றாக, விசாகப்பட்டினத்தில் வாங்கி, டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தி, ரெயிலும் பஸ்ஸும் மாறி அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை.

எழுபத்திரண்டில் லீவில் வந்தபோது, அப்பா ஜினதாசன் காபியில் சர்க்கரை போட்டுக்கொள்ளாததைப் பார்த்தான். பொங்கலுக்குச் செய்த பாயசத்தையும் தள்ளி வைத்தார். சரி, அப்பாவுக்கு நீரிழிவு என்று அவனே முடிவு கட்டினான். யாரையும் கேட்கவில்லை. அந்த வருஷமே அடுத்த லீவில் முதல் புட்டி வந்தது. கடற்படையில் அவனுக்கு இருந்த பெயருக்கு இது கொஞ்சம் அவமானம்தான். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஜன்னல் கிடையாது, சோனார் என்கிற கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கடலைக் கேட்கிற ஒருவன்தான் அந்தக் கப்பலுக்குக் கண். தரணேந்திரன் அந்த ஒருவன். பல மைல் தள்ளிப் போகிற கப்பலின் புரொப்பல்லருக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிச் சொல்லிவிடுவான் என்று கப்பலில் பேச்சு. பத்தடி தள்ளி உட்கார்ந்து வெறும் காபியை ஊதிக் குடிக்கும் அப்பா மட்டும் அந்தக் காதுக்கு எட்டாத தூரத்தில் இருந்திருக்கிறார்.

"இந்த வயசுல மருந்து மாத்திரைய இப்டி அடுக்கி வெச்சா எப்டிப்பா?" என்று கூடத்தில் வந்து நின்று கேட்டான். "உடம்புல சக்கரை ஜாஸ்தியாச்சின்னா கண்ணு போயிடும், காலு போயிடும்."

தாலுக்கா ஆபீசில் முப்பத்தாறு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் ஜினதாசன். எதற்கும் உடனே பதில் சொல்கிற வழக்கம் ஆபீசோடு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப பரிசோதனை பண்ணிடலாமா?" என்றார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு பெரிய தெருவில் தியாகேசனின் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தார்கள். அப்பா ஊசியைப் பார்த்து முகம் சுளிக்கக்கூட இல்லை. ஏதோ கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தவர் மாதிரி முழங்கையை மடித்துக்கொண்டு, "நீ இருந்து வாங்கினு வா" என்று வீட்டுக்கு நடந்துவிட்டார். ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றான் தியாகேசன். தரணேந்திரன் எதிரில் இருந்த ஆதிமூலத்தின் சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்தான். ஆதிமூலம் அவனோடு படித்தவன். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் தினசரி.

எண்பத்திரண்டு மே மாதம். உலகத்தின் கடைசி மூலையில், பனிக் கடலில், இரண்டு தேசங்கள் ஒரு தீவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று ஆதிமூலத்துக்குத் தெரியாது, ஆனால் சண்டையில் அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"இன்னாபா தரணி, ஏரோப்ளேன்காரன் கப்பலைக் கண்ணாலயே பாக்கலயாமே. இருவது மைலு தள்ளி ஒரு ராக்கெட்டை வுட்டுட்டு வூட்டுக்குப் பூட்டானாம். அது தானா தேடினு போயி அடிச்சிருக்குது. நம்மகிட்ட கீதா இதெல்லாம்?"

"அதெல்லாம் ரகசியம்."

"நான் யாராண்ட சொல்லப்போறேன்? பஞ்சர் ஒட்ட வர்றவனாண்டயா?"

"அவன்தான்டா முக்கியமா ஒற்றன்."

ஆதிமூலம் சிரித்துவிட்டு ட்யூபை அடுத்த பக்கம் திருப்பினான். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. உன்னுது மாதிரி சப்மரீன்தான். ஒரே அடியில பெரிய கப்பலு. முந்நூறு பேருக்கு மேல போயிட்டாங்கன்னு போட்டுகீறான். அடிச்சவனுக்கு அது கண்ணுல தெரியுமா?"

"கேப்டன் பெரிஸ்கோப்புல பாத்தா உண்டு. மத்தவனுக்கெல்லாம் சத்தம்தான்."

"சத்தம்னா எப்டி?"

"சத்தம் மாதிரி." தரணேந்திரன் தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். ஒரு சின்னக் குமிழி வந்து உடைந்தது. "இனிமே அதுவும் இல்ல. கம்ப்யூட்டர் வருது. பொட்டியே கேட்டு, இது சரக்குக் கப்பலு, இது சண்டைக் கப்பலுன்னு எழுதிக் காட்டிடுமாம். அந்த ட்ரெய்னிங்குக்குத்தான் என்னைக் கூப்டறாங்க. இன்னும் அஞ்சு வருஷம் வேலையில இருக்கறேன்னு எழுதிக் கொடுக்கணும். ஃபாரம் பையில இருக்குது."

"பொட்டி தப்பா சொல்லிட்டா யாரைப் புடிக்கிறது?"

"அதுக்குத்தான் பக்கத்துல என்னை உக்கார வெக்கிறாங்க."

இதை வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆதிமூலமும் சிரித்தான். ஆனால் சொன்ன பிறகு, சட்டைப் பையில் இருந்த ஃபாரம் ஒரு விசிறி மட்டையைச் செருகி வைத்தது மாதிரி நெஞ்சில் உறுத்தியது.

தியாகேசன் கையில் காகிதத்தோடு தெருவைக் கடந்து வந்தான். "உங்கப்பாவுக்கு சக்கரையே இல்லீங்க. என்னைவிட நல்லா இருக்காரு. யாரு சொன்னது உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை என்பதை இவனிடம் எப்படிச் சொல்வது? தரணேந்திரன் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அப்பா அன்று பகல் முழுக்கப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. சாப்பிட்டார், தினசரியை விளம்பரம் உட்படப் படித்தார், தூங்கினார், நாலரை மணிக்கு மாடிக்குப் போனார். தரணேந்திரன் சமையலறையில் அம்மாவைப் பிடித்தான். மருதேவி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சூரியன் சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும், அதற்கு மேல் தண்ணீர்கூடக் கிடையாது என்பது அந்தச் சமண வீட்டில் எழுதாத சட்டம்.

எண்ணெயில் கடுகு வெடித்தது. தரணேந்திரன் வாசலிலேயே நின்றுவிட்டான். கடலுக்கடியில் காதை வைத்தால் முதலில் கேட்பது இதுதான். ஒருவகை இறால் கூட்டம் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும், கடல் முழுக்க யாரோ கடுகு தாளிப்பது மாதிரி. புதிதாக வந்த பையன்களுக்கு இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். வீட்டில் கடுகு தாளிக்கும்போது கடல் ஞாபகம் வருவதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

"அம்மா, அப்பாவுக்கு சக்கரை வியாதியே இல்லயாம்."

"இல்லதான்."

"அப்ப இனிப்பு ஏன் தொடறதில்ல?"

மருதேவி அடுப்பைத் தணித்தாள். "சண்டை நடந்துச்சே எழுவத்தொண்ணுல. நாப்பது நாளு உன்கிட்டேருந்து கடுதாசி இல்ல. ரேடியோவுல தெனம் கப்பலு மூழ்கிச்சின்னு சொல்றான். நான் எம்புள்ள உசுரோட வரணும்னு அழுதுனு கெடந்தேன். இவரு ஒரு நாள் குளிச்சிட்டு வந்து, ஜினர் படத்துக்கு முன்னாடி நின்னு சங்கல்பம் பண்ணிக்கிட்டாரு. உன் கையால ஒரு உசுரும் போகலன்னு நீயா வந்து உன் வாயால சொல்ற வரைக்கும் இனிப்பு இல்லன்னு."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ பொய் சொல்லிடுவியாம். அந்தப் பாவமும் உனக்கு சேந்துடுமாம்."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல. ஏரோப்ளேன்ல வர்ற மாதிரி வருவ, புட்டிய நீட்டுவ, நாலு ஜோக்கு சொல்லுவ, போயிடுவ. இன்னிக்குத்தான் கேட்ட."

அந்தப் புட்டிகளைத் தூக்கிப் போட அப்பாவுக்கு மனசு வரவில்லையாம். புள்ள தூக்கிக்கிட்டு வந்தது என்று அடுக்கி வைத்தாராம். மருதேவி சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து பாசிப்பருப்பு டப்பாவையும் வெல்லத்தையும் எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு பரபரப்பு வந்திருந்தது.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"பாயசம் வெக்கிறேன். நீ மேல போயி, இல்லப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மலையில சூரியன் எறங்கறதுக்குள்ள கொண்டாந்துடறேன். பதினோரு வருஷம்டா."

தரணேந்திரன் படியேறினான். பன்னிரண்டு படி. ஒவ்வொரு படியிலும் 'இல்லப்பா' என்று சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது. இதைவிடப் பெரிய பொய்களை, லீவு கேட்டு, சிரிக்காமல் சொல்லியிருக்கிறான்.

மாடியில் அப்பா நாற்காலியை மலைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர், மலைக்குக் கிழக்கே இருப்பதால் இங்கே சூரியனுக்கு இரண்டு அஸ்தமனம். முதலில் மலை விழுங்கும், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நிஜமாக இறங்கும். மலை விழுங்கியதுமே அப்பாவுக்குச் சாப்பாடு முடிந்தது. பஞ்சாங்கத்தில் ஆறு முப்பத்துமூன்று என்று போட்டிருக்கிறதே என்று மகன் இருபது வருஷமாக வாதாடுகிறான். கண்ணுக்குத் தெரியாத சூரியன் எனக்குச் சூரியன் இல்லை என்பார் அவர். சூரியனே தெரியாத கப்பலில் மகன் தினமும் கப்பலுக்குத் திசை கணிக்கும் அதிகாரியிடம் போய், மேலே கடலில் இன்று எத்தனை மணிக்கு அஸ்தமனம் என்று கேட்டு, அதற்குள் சாப்பிட்டு முடிப்பான். அதனால் அவனுக்குக் கப்பலில் 'சன்செட்' என்று பெயர்.

"ரிசல்ட் வந்துச்சா?" என்றார் ஜினதாசன்.

"வந்துச்சு. அம்மா சொல்லிட்டாங்க."

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. தரணேந்திரன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். ஒரு ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். கைவசம் எப்போதும் நாலைந்து வைத்திருப்பவன். ஒன்றும் வரவில்லை.

"சண்டையப்ப ஒரு நாளு," என்றான். "அன்னிக்கும் சூரியன் சாயறதுக்குள்ள சாப்ட்டுட்டுத்தான் போயி உக்காந்தேன். ஒரு சத்தம் கேட்டுது. எந்தப் பக்கம்னு சொன்னேன். சண்டைக் கப்பல் மாதிரி கேக்குதுன்னும் சொன்னேன். நான் சொன்னத வெச்சித்தான் கேப்டன் டார்பிடோ வெடிய வுட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சி ஒரு இடி. அதுக்கப்புறம் அந்தச் சத்தம் இல்ல."

அப்பா மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முழுகியிருக்கலாம். இன்ஜினை நிறுத்திட்டு சும்மா நின்னிருக்கலாம். வெடி அடிக்கடல்ல மண்ணுல போயி முட்டியிருக்கலாம். ரெண்டு மணி நேரம் காதுல மாட்டினதக் கழட்டாம கேட்டேன். இறா சத்தம்தான். முடிவு தெரியவில்லைன்னு எழுதிட்டு வந்துட்டோம்."

கீழே தெருவில் ஒரு ஜட்கா போயிற்று. குதிரையின் லாடம் ஒன்று தளர்ந்திருப்பது அவனுக்குக் கேட்டது.

"உனக்கு என்னன்னு தோணுது?" என்றார் அப்பா. பதினோரு வருஷத்தில் அந்தச் சண்டையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. சங்கல்பத்தில் ஒரு மூலை அங்கேயே உடைந்துவிட்டது.

இல்லப்பா என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பன்னிரண்டு படிக்குக் கீழே வெல்லம் கரையும் வாசனை வந்தது. அப்பாவுக்கு எழுபத்துமூன்று வயது. பதினோரு வருஷம் வெறும் காபி.

"தெரியலப்பா," என்றான். "அம்மா கடுகு தாளிக்கிறப்பல்லாம் கேட்டுப் பாக்கறேன். அதுக்கு நடுவுல எதனா கேக்குதான்னு."

ஜினதாசன் வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தார். மகனுடைய சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஃபாரத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். எதற்கு என்று புரியாமல் தரணேந்திரன் தன் கையைக் கொடுத்தான். அவர் அதைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். தாலுக்கா ஆபீசில் காகிதக் கட்டு பறக்காமல் வைக்கிற கல் மாதிரி, அந்தக் கையின் மேல் தன் கை.

மருதேவி தட்டில் மூன்று டம்ளர்களோடு மேலே வந்தாள். ஓடி வந்த மூச்சு. "சொல்லிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் இரண்டு முகங்களையும் பார்த்தாள். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளராகப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவுடைய டம்ளரில் மட்டும் ஒரு ஸ்பூன் போட்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மலை சூரியனை விழுங்கியது. மாடி முழுக்க நிழல் வந்து படுத்தது. வழக்கப்படி அப்பா கீழே சாப்பிட்டு முடித்துக் கைகழுவ வேண்டிய நேரம், இன்று ரசம் அடுப்படியிலேயே இருந்தது. மருதேவி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினாள்.

"இரு," என்றார் ஜினதாசன். பிறகு மகனிடம், "பஞ்சாங்கத்துல எத்தனை மணின்னு சொன்ன?"

"ஆறு முப்பத்திமூணு."

"இப்ப?"

"அஞ்சு அம்பது."

"அப்ப இன்னும் நேரம் இருக்குது," என்றார் அப்பா, மலைக்குப் பின்னால் இருக்கிற எதையோ பார்த்துக்கொண்டு.

டம்ளரின் விளிம்பில் ஓர் எறும்பு ஏறியது. அவர் அதை விரல் நுனியில் ஏற்றி, கைப்பிடிச் சுவரில் இறக்கிவிட்டார். அதன் பிறகு அசையவில்லை. தரணேந்திரன் கண்களை மூடிக்கொண்டு, வேலையில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி, ஸ்பூன் டம்ளரில் படுகிற சத்தத்துக்காகக் கேட்கத் தொடங்கினான்.