ஆடிட்டரின் படிக்கம்

ஆடிட்டர் ராஜரத்தினம் எங்கே போனாலும் அவருடைய படிக்கமும் கூடவே போக வேண்டும். வெற்றிலை போடட்டும், யார் வேண்டாமென்றது? ரங்கூனில் வெற்றிலை போடாத வாய் எத்தனை இருக்கிறது? ஆனால் அவர் துப்புகிற எச்சிலை ஏந்திக்கொண்டு இன்னொரு மனிதன் பின்னாலேயே நடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த இன்னொரு மனிதன் சபாபதி. படித்தவன், சர்க்கார் வைத்த கணக்குப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவன், கல்யாணமானவன். அப்படிப்பட்டவன் ஒரு கையில் கணக்குப் பையும் மறு கையில் பித்தளைப் படிக்கமுமாக லான்மடாவ் கடைத்தெருவில் மூன்று வருஷம் நடந்தான். வாசனைச் சுண்ணாம்பும் புகையிலையும் எச்சிலும் வெயிலில் புளித்து எழும்புகிற வாடை இருக்கிறதே, சீ! சோற்றைப் பிசைகிற கையிலும் அது ஒட்டிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும். எத்தனை முறை கழுவினாலும் திருப்தி வராது.

சர்க்கார் விதி அப்படி. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட லைசென்சு வேண்டும். லைசென்சுக்குப் பரீட்சை மட்டும் போதாது. நன்னடத்தை உள்ளவன் என்று மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே, ஏற்கெனவே லைசென்சு வைத்திருக்கும் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருஷம் வேலை பழகி, 'இவன் நம்பத் தகுந்தவன்' என்று அவர் கைப்பட எழுதித் தர வேண்டும். மாஜிஸ்திரேட்டின் காகிதம் எப்படியோ கிடைத்துவிட்டது. அந்தக் கோர்ட்டுக் கச்சேரியில் வாசலில் நின்ற டவாலிச் சேவகன் முதல் உள்ளே இருந்த தலைமைக் குமாஸ்தா வரை ஒவ்வொருவனும் கையை நீட்டினான். நன்னடத்தைக்குச் சான்று வாங்க லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. கண்றாவி!

மிச்சம் இருந்தது ராஜரத்தினத்தின் சான்று ஒன்றுதான். கேட்டால், "அவசரம் என்னடா, நாளைக்குப் பார்ப்போம்" என்பார். மூன்று வருஷம் முடிந்து, அதற்கு மேல் ஒரு மழைக்காலமும் போய்விட்டது. வீட்டில் சபாபதியின் மனைவி தைலம்மாள் பெயர்ப்பலகையே எழுதி வாங்கி வைத்துவிட்டாள். 'சபாபதி, ஆடிட்டர்' என்று வெள்ளை எழுத்து. அது பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அதை இழுத்துத் துடைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பத் தள்ளிவிடுவாள். கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்றிருக்கும் அவனுக்கு.

வருஷக் கடைசியில், பசுந்தாங் ஓடைக்கரையில் இருந்த ஓர் அரிசி மில் கம்பெனியின் நெல் இருப்பைப் பார்த்து வரும்படி ராஜரத்தினம் அவனை அனுப்பினார். மில்லை நடத்தியவர் வள்ளியப்பன். பளபளக்கும் மோதிரமும் தேன் சொட்டும் பேச்சுமாக இருப்பவர். நெல் சேமிக்கும் கிட்டங்கியின் கதவைத் திறந்துவிட்டு, "பாத்துக்குங்க தம்பி, கூரை வரைக்கும் நெல்லு. வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார்.

வாசலில் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் ராஜரத்தினம் ஆபீசின் வழக்கம். ஆனால் குவியலைக் கழி விட்டுப் பார்க்க வேண்டும் என்று சபாபதி பரீட்சைக்குப் படித்திருந்தான். கதவுக்குப் பின்னால் நீளமான மூங்கில் கழி ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு குவியல் மேல் ஏறிக் குத்தினான். நெல்லுக்குள் கழியை இறக்க நல்ல பலம் வேண்டும். இதுவோ ஒரு முழத்துக்குப் பிறகு, தயிருக்குள் இறங்குவது போல விறுவிறுவென்று இறங்கியது. இழுத்துப் பார்த்தால் கழி நெடுக ஈர உமி. மக்கிப் புழுத்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வேறொரு பக்கம் குத்தினான், அங்கேயும் உமி. மேலே போர்வை போல நெல்லைப் பரப்பி, மலை மலையாக உமியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்! டீயைத் தொடாமல் திரும்பிவிட்டான்.

ராஜரத்தினத்திடம் போய்ச் சொன்னான். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தான் பாருங்கள், அதுதான் அவனுடைய அப்பாவித்தனம். அவர் ஒரு பாக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

"உன்னை யாருடா குத்தச் சொன்னது?"

"ஐயா, உள்ள பூரா உமிங்க. அதை நெல்லுன்னு காட்டிப் புதுப் பங்கு விக்கப் போறாங்க."

"விக்கட்டும். வாங்குறவன் வாங்குறான். உனக்கு லைசென்சு வேணுமா வேணாமா?" படிக்கத்துக்காகக் கையை நீட்டினார். சபாபதி எடுத்துக் கொடுத்தான். பழகிய கை, தானாகவே கொடுத்துவிட்டது. துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "இருப்பு சரியா இருக்குன்னு ரிப்போர்ட்டு எழுதிக் கொண்டா. உன் சான்றையும் எழுதி அது கூடவே வை. ரெண்டுலயும் ஒண்ணா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போ."

மூன்று வருஷ எச்சிலுக்கு விலை இதுதானா என்று சபாபதிக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று முழுவதும் மேஜை முன்னால் உட்கார்ந்தே இருந்தான். பிறகு ஒரு யோசனை வந்தது. ராஜரத்தினம் எதையும் வாசித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குமாஸ்தா சிவப்புக் காகிதத் துண்டு ஒன்றைக் குத்தி வைப்பான், துண்டு இருக்கிற இடத்தில் பேனா போகும், அவ்வளவுதான். சபாபதி இங்கிலீஷில் உள்ளதை உள்ளபடி எழுதினான்: குவியலின் மேலே ஒரு முழம் நெல், கீழே முழுவதும் மக்கிய உமி, இருப்புக் கணக்கு பொய். சிவப்புத் துண்டைக் குத்தினான். தன் சான்றிலும் ஒன்று குத்தினான்.

ராஜரத்தினம் குதிரைப் பந்தயத்தைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டு ஒட்டிய உறையில் மில்லுக்குப் போயிற்று; 'நம்பத் தகுந்தவன்' என்ற சான்று சபாபதியின் சட்டைப் பைக்குள் போயிற்று. திங்கட்கிழமை சர்க்கார் ஆபீசில் கொடுத்தால் காரியம் முடிந்தது. பொய்யும் எழுதவில்லை, சான்றும் கிடைத்துவிட்டது. அவனுக்குத் தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

சனிக்கிழமை மில்லிலேயே பங்குதாரர் கூட்டம். ஆடிட்டர் ரிப்போர்ட்டைக் கூட்டத்தில் வாசித்தாக வேண்டும் என்பது சட்டம். ராஜரத்தினம் முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் படிக்கத்தோடு சபாபதி. இப்போது குட்டு உடையப் போகிறது என்று அவன் காத்திருந்தான். கம்பெனி குமாஸ்தா எழுந்து, கல்யாண வீட்டில் மந்திரம் சொல்வது போல அந்த இங்கிலீஷை மூச்சு விடாமல் வாசித்து முடித்தான். வள்ளியப்பன் உட்பட, இங்கிலீஷ் தெரியாதவர்கள் எல்லாம் தெரிந்தது போலத் தலையாட்டினார்கள். ராஜரத்தினத்தின் கவனம் அல்வாத் தட்டில் இருந்தது. வள்ளியப்பன், "ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினார்கள்! உமியை வாசித்தார்கள், உமியை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வள்ளியப்பன் புதுப் பங்கு விற்க மேஜையைப் போட்டார். பின்வரிசையிலிருந்து ஆவுடையம்மாள் எழுந்து சபாபதியிடம் வந்தாள். லான்மடாவில் இடியாப்பக் கடை வைத்திருப்பவள். காலையில் அவன் சாப்பிடுவது அங்கேதான். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த புருஷன் செத்தபோது வந்த பணத்தையெல்லாம் இந்த மில்லில் போட்டிருந்தாள்.

"என்ன தம்பி வாசிச்சாங்க? எனக்கு ஒரு எழவும் புரியல. நல்லாத்தான இருக்கு?" முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "நீ எழுதுனதாமே. நீ நல்லாருக்குன்னு சொன்னா இன்னும் ரெண்டு பங்கு வாங்கிப் போடலாம்னு பாக்குறேன்."

சட்டைப் பையில் சான்று உறுத்தியது. அதுவரை ராஜரத்தினத்தின் மேல், வள்ளியப்பன் மேல், கச்சேரிக் குமாஸ்தா மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி அவன் மேலேயே வந்து விழுந்தது. யாருக்கும் புரியாத இடமாகப் பார்த்து உண்மையை எழுதிவிட்டு, யோக்கியன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றானே, இதற்கும் நெல்லுக்கடியில் உமியைக் கொட்டியதற்கும் என்ன வித்தியாசம்? தூ!

"வாங்காதீங்க அக்கா" என்றான். குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. "கிட்டங்கியில நெல்லு இல்ல. மேல ஒரு முழம்தான் நெல்லு. உள்ள பூரா மக்குன உமி. வாசிச்சதே அதைத்தான்."

வள்ளியப்பன், "டேய், என்ன உளர்றே!" என்று பாய்ந்தார். ராஜரத்தினம் அல்வாவை விழுங்கிவிட்டு, "பொய்! நான் அப்படி எழுதவே இல்ல" என்று கத்தினார். கம்பெனி குமாஸ்தா அப்போதுதான் தான் வாசித்ததைப் பொருள் புரிந்து பார்த்தான். "எழுதியிருக்குதுங்களே ஐயா. கீழ உங்க கையெழுத்துத்தான்" என்றான் பாவம்.

அடுத்த கணம் கூடம் சந்தைக்கடை ஆயிற்று. நாற்காலிகள் சரிந்தன. ஆவுடையம்மாள் முடிச்சை இறுக்கிக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்கய்யா அந்தக் கிட்டங்கி? காட்டுய்யா!" என்று வள்ளியப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜரத்தினம் சபாபதியின் பக்கம் திரும்பினார். உதட்டோரம் சிவப்பாக ஒழுகியது. "சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடா பாவி. குடு, அந்தச் சான்றைக் குடு. நீ எப்படி லைசென்சு வாங்குறேன்னு பாக்குறேன்."

சபாபதி சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். கட்டிலுக்கடியில் கிடக்கும் பலகை நினைவுக்கு வந்தது. தைலம்மாளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தான், மறுபடி ஒரு மடிப்பு மடித்தான், படிக்கத்துக்குள் போட்டான். அது மெதுவாகச் சிவந்து அமுங்கியது. படிக்கத்தை இரண்டு கையாலும் தூக்கி, மூன்று வருஷமாக நீட்டிய அதே மரியாதையோடு ராஜரத்தினத்திடம் நீட்டினான்.

"எடுத்துக்குங்க."

அவர் மடியில் அதை வைத்துவிட்டு வெளியே வந்தான். கிட்டங்கி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஆவுடையம்மாள் வெறுங்கையால் குவியலைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"கையால வேணாம் அக்கா" என்றான் சபாபதி. "கழி கதவுக்குப் பின்னால இருக்கு."