ஆளுக்கொரு டாக்டர்

சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று இளம்பரிதி சொன்னதுமே திருக்காட்டுப்பள்ளி வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. வலிக்கிறதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

“உன் அண்ணன் வீட்டு ரத்தம்தான் நிக்காத ரத்தம்,” என்றாள் அத்தை பிரகதாம்பாள்.

“உங்க தம்பி எதுல போனாருன்னு நான் வாயைத் திறக்கவா, அண்ணி?” என்றாள் அம்மா அம்சம்.

இரண்டும் உண்மைதான். அப்பா தங்கையன் மகனுக்கு விட்டுப்போனது சிறுநீரக நீர்க்கட்டி. அம்மா வழியில் வந்தது இரத்தம் சீக்கிரம் உறையாத குறை. முதல் நோய்க்குத் தஞ்சாவூரில் ஒரு டாக்டர், இரண்டாவதற்குத் திருச்சியில் ஒரு டாக்டர். ஒரு டாக்டரிடம் போய் மற்ற நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தன் மகள் சுடர்விழிக்கு வரன் அமையும்வரை கிட்னிப் பேச்சே வெளியே வரக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. பிறந்த வீட்டை யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது என்பது அம்சத்தின் வீம்பு. நடவு ஆட்களை அதட்டி வேலை வாங்கும் இருபத்தாறு வயதுக்காரன் இதற்கெல்லாம் தலையாட்டினான். அவனையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்கத் திருச்சி டாக்டர் தந்த மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தது. யாரையும் கேட்காமல் அம்சம் அதை மூன்று வேளை கொடுத்தாள். சிவப்பு நின்றது. “பாத்தீங்களா அண்ணி, எங்க வீட்டு மருந்துதான் கேட்டுச்சு,” என்று குத்திக் காட்டவும் செய்தாள்.

மறுநாள் விலா வலியில் இளம்பரிதி தரையில் உருண்டான். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்த டாக்டர், “வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?” என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். படுக்கையில் கிடந்தவன்தான் எல்லாவற்றையும் சொன்னான்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. “நல்ல மாத்திரைதாம்மா அது. ஆனா கிட்னியில ரத்தம் கசியும்போது குடுத்தா உள்ளயே உறைஞ்சு வழியை அடைச்சிரும். அடைச்சிருக்கு. ரத்தம் உறையாத குறை இருக்குன்னு தெரியாம அடைப்பை எடுக்க இப்ப நான் குழாய் போட்டிருந்தா, ரத்தம் நிக்காமலே போயிருப்பான். இடது கிட்னி எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது.”

பிரகதாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். “டாக்டர், இது வெளியில தெரிய வேணாங்க. வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு.”

“முதல்ல சுடர்விழிக்கு ஸ்கேன் எடுங்க அத்தை, அப்புறம் வரன் பாருங்க,” என்றான் இளம்பரிதி. “பரம்பரையா நோய் வந்தது யார் தப்பும் இல்ல. டாக்டர்கிட்ட மறைச்சதுதான் தப்பு. உங்க ரெண்டு பேர் கௌரவத்துக்கும் என் கிட்னியைக் குடுத்திருக்கேன். இதையெல்லாம் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்.”